சாமைக் களத்தில் ஒரு கூடாரம்

மனித குலம் இதுவரை கண்டெடுத்த உறவுகளிலேயே உயர்ந்தது நட்பு. ரத்தம் கேட்காமல், ஜாதகம் பார்க்காமல், சாட்சிக் கையெழுத்து இல்லாமல் வருவது அது ஒன்றுதான். நண்பனின் உயர்வைத் தன் உயர்வாக எண்ணி மகிழ்பவனே மனிதன். அவன் நெஞ்சில் பொறாமை என்னும் களை முளைப்பதே இல்லை.

இதை நான் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் சந்திப்பில் மைக் பிடித்துச் சொன்னேன். கைதட்டினார்கள். சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, வாசலில் நின்ற திருமாலின் புதுக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எங்காவது கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

திருமாலும் நானும் பென்னாகரத்தில் ஒரே வகுப்பு. அவன் அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை, குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். நான் விவசாயி மகன். என் ஸ்கூட்டரின் முன்பக்கம் 'விவசாயி' என்று ஸ்டிக்கரே ஒட்டியிருக்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் திருமால் முப்பத்தெட்டு மார்க் வாங்கித் தேறினான். அதில் இருபத்திரண்டு, நான் பேப்பரைச் சற்றே சாய்த்து வைத்திருந்ததால் கிடைத்தது. இன்று அவன் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறான். நான் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். மாதத்துக்கு இருபது விடிவெள்ளிகளையும் நாலைந்து சரித்திரங்களையும் சதுர அடி விலையில் அச்சடித்துக் கொடுக்கிறேன். இதில் எனக்கு வருத்தம் இல்லை. கம்பெனி வேலை யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும்.

வருத்தம் வேறு. திருமால் சனி, ஞாயிறுகளில் காரில் கிளம்பி, ஏதாவது ஓர் ஊருக்கு வெளியே கூடாரம் அடித்து, அங்கே காபி போட்டுக் குடிப்பதை வீடியோ எடுத்துப் போடுகிறான். 'டென்ட் வித் திருமால்' என்று பெயர். எண்பத்திரண்டாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். அதில் ஒருத்தி என் மனைவி எழிலரசி.

கடைக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது அவள்தான். ஒரு கண் டிசைனில் இருக்கும், ஒரு கண் போனில் இருக்கும்.

"இங்க பாருங்க, திருமால் அண்ணா கல்லு கூட்டியே காபி போடறாரு."

நான் கேஸ் அடுப்பு இருக்கும்போதே போடுவதில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டாள், அதுதான் வலித்தது.

"அண்ணா குடிச்ச டம்ளரத் தானே கழுவறாரு பாருங்க."

"கூடாரத்த ஒத்த ஆளா மடிக்கறாரு பாருங்க. நம்ம வூட்டுல பெட்ஷீட் மடிக்கவே ரெண்டு பேரு வேணும்."

பன்னிரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னைக் காட்டி யாரிடமும் 'பாருங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு வேண்டியது அதிகமில்லை. ஒரே ஒரு தடவை, திருமாலும் இருக்கும் இடத்தில், அவள் என்னைக் காட்டி அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். அதற்கு நான் உயர்ந்தாலும் சரி, அவன் விழுந்தாலும் சரி. இரண்டாவது எனக்குச் சுலபமாகப் பட்டது.

டிசம்பர் இரண்டாம் வாரம் அவனே போன் பண்ணினான். "மச்சா, சனிக்கிழமை சேலம் போறேன். வழியில ஒரு நைட் உங்கூருல டென்ட் போடலாம். ஒகேனக்கல் வேணாம், கூட்டம். ராவான எடமா ஒண்ணு சொல்லு." பெங்களூர் போனதிலிருந்து அவனுக்கு 'மச்சி' என்பது 'மச்சா' ஆகிவிட்டது.

ராவான இடம் என்றால் மனிதர்களே இல்லாத இடம் என்று பொருளாம். எங்கள் மாவட்டத்தில் மனிதர்கள் இல்லாத இடமெல்லாம் வனத்துறையுடையது. அங்கே கூடாரம் அடித்தால் ராவாக அபராதம் போடுவார்கள். அதனால் வத்தல்மலையில் எனக்குத் தெரிந்த மாயவனைக் கேட்டேன். அவர் பேத்தியின் காதுகுத்துக்கு நான்தான் பேனர் அடித்தேன். "நம்ம காட்டுல எங்க வேணா போட்டுக்குங்க" என்றார். 'எங்க வேணா' என்று ஒரு விவசாயி சொன்னால், எந்த இடம் அதில் சேராது என்பது இன்னொரு விவசாயி வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

மலைப்பாதையில் காரை ஓட்டிக்கொண்டே திருமால், கண்ணாடியில் ஒட்டிவைத்த கேமராவிடம் பேசினான். "ஃபிரண்ட்ஸ், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் நமக்கு ஒரு பாடம் சொல்லுது. மனுசங்க கால் படாத ஒரு உலகத்துக்குள்ள நாம போய்க்கிட்டிருக்கோம்." அடுத்த வளைவில் பின்னாலிருந்து டவுன் பஸ் ஹாரன் அடித்து வழி கேட்டது. உள்ளே எல்லா ஸீட்டிலும் ஆள். படியில் நின்ற கண்டக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார். "இத எடிட்ல தூக்கிரலாம்" என்றான் திருமால்.

மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மாயவனின் காடு சரிவாக இருந்தது. சாமை அறுத்த அடித்தாள் மஞ்சளாகக் கிடந்தது. சரிவின் தலைப்பில், ஒரு பாறைக்குப் பக்கத்தில், வட்டமாக ஒரு சமதளம். ஒரு கல் இல்லை, ஒரு புல் இல்லை, வழுவழுவென்று பச்சையும் பழுப்புமாக வெயிலில் மின்னியது.

திருமால் காரை நிறுத்திவிட்டு அப்படியே நின்றான். "இயற்கையே நமக்குன்னு தரை போட்டுக் குடுத்திருக்கு பாரு மச்சா!"

இயற்கை போடவில்லை. அது களம். மேட்டைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, திமிசால் இடித்து இறுக்கி, மேலே சாணி கரைத்து மெழுகியிருந்தார்கள். ஓரத்தில் சாமைக் கட்டுகள் தார்ப்பாய்க்கு அடியில் அடுக்கியிருந்தன. ஈசானி மூலையில் ஒரு பிடி சாணியில் பிள்ளையார் பிடித்து, தலையில் அருகம்புல் செருகி வைத்திருந்தது. அப்படியென்றால் நாளைக்குக் கதிர் அடிப்பு. மெழுகிப் பிள்ளையார் வைத்துவிட்ட களத்தில் யாரும் செருப்புக் காலோடு ஏறுவதில்லை. சோற்றுக்குப் போகும் தானியம் அதில்தான் கொட்டும்.

இதைத் திருமாலிடம் சொல்ல மூன்று வினாடி போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"மச்சா, நீ ஃபிரேம்ல விழற. கொஞ்சம் தள்ளு" என்றான்.

வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கப்புறம் நடந்ததை நான் மிகுந்த கவனத்துடன் பார்த்தேன். அவன் பூட்ஸின் அடிப்பாகம் சின்ன டிராக்டர் டயர் மாதிரி இருந்தது. அதோடு களத்தின் நடுவே நடந்து, கையை விரித்து, கண்ணை மூடி, இயற்கையோடு கனெக்ட் ஆனான். கனெக்ட் ஆனது சரியாகப் பதிவாகவில்லை என்று இன்னொரு தடவை ஆனான். பிறகு மூட்டையைப் பிரித்தான். மடக்கு நாற்காலி, மடக்கு மேசை, மடக்கு வாளி, மடக்கு மண்வாரி, காபிக்கொட்டை அரைக்கும் கைமிஷின். "மினிமலா வாழணும் மச்சா. தேவையைக் குறைக்கணும்" என்றான். எடுத்து வைக்க எனக்குக் கை வலித்தது.

கூடாரத்துக்குப் பன்னிரண்டு இரும்பு ஆணி. ஒவ்வொன்றாகக் களத்தில் அடித்து இறக்கினான். ஒவ்வோர் அடிக்கும் மெழுகின தரை பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. என் நெஞ்சு குளிர்ந்தது.

கடைசியாக மூலையைப் பார்த்தான். "யாரோ இங்க மாடு கட்டியிருக்காங்க போல" என்றபடி மடக்கு மண்வாரியை எடுத்து, பிள்ளையாரை அலுங்காமல் அள்ளி, கள்ளி வேலிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். எண்பத்திரண்டாயிரம் பேர் பின்தொடரும் ஒருவன் பிள்ளையாரை மண்வாரியில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்குப் புல்லரித்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஆனால் சாமி குத்தம் தூக்கினவனுக்குத்தானே.

பிறகு அவன் தொலைவில் ஓடும் ஓடையைக் காட்டி, "இந்தத் தண்ணியிலதான் இன்னிக்கு நம்ம காபி" என்று கேமராவிடம் சொல்லிவிட்டு, காரிலிருந்த கேன் தண்ணீரை எடுத்து அடுப்பில் வைத்தான். நான் களத்துக்கு வெளியே பாறைமேல் உட்கார்ந்து, யாராவது வருகிறார்களா என்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு கடைசி பஸ்ஸில் வீட்டுக்குப் போய் எழிலரசியிடம் எப்படித் தொடங்குவது என்பதுகூட முடிவாகிவிட்டது. 'பாவம் உங்க திருமால் அண்ணா' என்று தொடங்க வேண்டும்.

மாயவன் வரவில்லை. அவர் சம்சாரம் சின்னம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் ஒரு சாமைக் கட்டு. களத்தோரம் வந்ததும் நின்று, கட்டை மெதுவாகக் கீழே போட்டு, இடுப்பில் கை வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கூடாரத்தைச் சுற்றி வெறுங்காலோடு ஒரு நடை வந்தார்.

"பன்னெண்டு ஓட்டை" என்றார். பிறகு மூலையைப் பார்த்தார். "எங்க புள்ளாரு?"

"யாருங்க?" என்றான் திருமால், காபியை ஆற்றிக்கொண்டே.

"இங்க வெச்சிருந்தனே. புள்ளாரு."

திருமால் மூலையைப் பார்த்தான். மண்வாரியைப் பார்த்தான். வேலியைப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது.

"அம்மா... நான் அது சாணின்னு நெனச்சு..."

"சாணிதானுங்க. பின்ன, தங்கத்துலயா புடிப்பாங்க?"

காபியை வைத்தான். பூட்ஸை அங்கேயே கழற்றிக் களத்துக்கு வெளியே எறிந்தான். வேலிக்கு ஓடிப்போய், இரண்டு கையாலும் பிள்ளையாரை ஏந்தி வந்து பழைய இடத்தில் வைத்து, சாய்ந்திருந்த அருகம்புல்லை நிமிர்த்தி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை நிறுத்தக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

அந்த ஒரு நிமிடம் என் வாழ்க்கையின் சிறந்த நிமிடங்களில் ஒன்று. பாறையிலிருந்து இறங்கி, தொண்டையைச் செருமி, நடுவர் மாதிரி முன்னால் வந்தேன்.

"மன்னிச்சுக்குங்கம்மா. அவரு குவார்ட்டர்ஸ்ல வளந்தவரு, களம்னா என்னன்னு தெரியாது. நம்மள மாதிரி இல்லீங்க. நான் விவசாயி மவன். நான் கவனிச்சிருந்தன்னா..."

சின்னம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"இது யாரு செருப்புங்க?"

களத்தின் விளிம்புக்கு ஒரு முழம் வெளியே என் செருப்பு கிடந்தது. கிடந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ஜோடி சேர்த்து, ஒழுங்காக விட்டிருந்தது.

"என்னுதுங்க."

"கூடாரம் போடறதுக்கு முன்னால கழட்டனீங்களா, பின்னாலயா?"

மூட்டையிலிருந்து மேசையையும் நாற்காலியையும் களத்துக்கு எடுத்துப் போனது நான்தான். ஏறும்போது கால் தானாகவே செருப்பைக் கழற்றியிருக்கிறது. சின்ன வயதில் அப்பாவிடம் வாங்கிய அடி அப்படி. வாயைப் பூட்டி வைத்த எனக்குக் காலைப் பூட்டத் தோன்றவில்லை.

"அவரு பூட்ஸோட ஏறுனாரு, தெரியல. நீங்க கழட்டிப் போட்டுட்டு ஏறியிருக்கீங்க. தெரிஞ்சிருக்கு" என்றார் சின்னம்மாள். "தெரிஞ்சும் வாயத் தொறக்காம நின்னு பாத்திருக்கீங்க. ஏனுங்க, உங்க ரெண்டு பேருக்கும் எதாவது பங்காளிச் சண்டையா?"

திருமால் எழுந்தான். நெற்றியில் சாணி ஒட்டியிருந்தது. என்னையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாதவா, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

இருபத்தைந்து வருட நட்பு அந்த இடத்தில் முறிந்தது என்றே நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், அதில் ஒரு கம்பீரம்கூட எனக்குத் தெரிந்தது. கடைசியில் அவனுக்குப் புரிந்துவிட்டது. நான் பேப்பர் காட்டுகிறவன் மட்டுமில்லை, எதிரியாக நிற்கவும் தகுதி உள்ளவன்.

"தெரியும்" என்றேன்.

திருமால் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான்.

"டேய் மச்சா! கன்டென்ட்டுக்காக விட்டியா? என்ன மூளைடா உனக்கு! நீ மட்டும் முன்னாடியே சொல்லியிருந்தீன்னா என் மூஞ்சியில அந்த ரியாக்‌ஷன் வந்திருக்குமா? அன்னிக்கு கணக்குப் பரீட்சை, இன்னிக்கு இது. நீதான்டா எனக்கு எல்லாம்!"

இத்தனை வருடப் பொறாமையை ஒரே வினாடியில் உதவி என்று எடுத்துக்கொண்டான். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"கன்டென்ட்டு கிண்டென்ட்டு எல்லாம் அப்பறம் பாத்துக்குங்க" என்றார் சின்னம்மாள். "நாளைக்கி விடிஞ்சா கருது அடிக்கணும். ஆளு சொல்லியாச்சு. கூடாரத்தப் புடுங்கிக் காட்டுக்குள்ள போட்டுட்டு, ஆளுக்குப் பாதியா மெழுகிக் குடுங்க. ராத்திரிக்குள்ள காஞ்சிரும்."

மாட்டுக் கொட்டாயிலிருந்து இரண்டு கூடை சாணி அள்ளி வரச் சொன்னார். என்னைத்தான். திருமால் ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளில் செம்மண் அடைத்து, மிதித்து இறுக்கினான். சாணியைக் கரைத்து ஊற்றி, உள்ளங்கையால் வளைத்து வளைத்து இழுக்க வேண்டும் என்று சின்னம்மாள் ஒரு முழத்துக்குச் செய்து காட்டினார். பாறைப் பக்கமிருந்து பார்த்தால் இடது பாதி எனக்கு, வலது பாதி திருமாலுக்கு.

இங்கேதான் அவனை முடித்துவிடலாம் என்று எனக்கு மறுபடி தெம்பு வந்தது. கம்ப்யூட்டர் தட்டுகிற கை அது. நானோ விவசாயி மகன். ஆனால் எங்கள் வீட்டில் களம் மெழுகினது அம்மாவும் அக்காவும். நான் அப்போது வீட்டுக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கில்தான் இருபத்திரண்டு மார்க் திருமாலுக்குப் போனது.

என் கையில் சாணி திட்டுத் திட்டாக நின்றது. ஓர் இடத்தில் கட்டியாக ஏறியது, ஓர் இடத்தில் மண் தெரிந்தது.

"வறட்டி தட்டச் சொல்லலீங்க, மெழுகச் சொன்னேன்" என்றார் சின்னம்மாள். "விவசாயி மவன்னீங்க?"

திருமால் பக்கம் திரும்பினேன். முட்டி போட்டு, நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு, ஓர் அளவாக இழுத்துக்கொண்டிருந்தான். பிறை பிறையாக, ஒன்றின் மேல் ஒன்று கால்வாசி ஏறி, மீன் செதில் மாதிரி வந்தது.

"கை நல்லா வருதே இவருக்கு! முன்னால மெழுகியிருக்கீங்களா சாமி?"

"இல்லீங்கம்மா. போன வருசம் பெங்களூர்ல மண் பானை செய்ற கிளாஸ் போனேன். சனிக்கிழமை சனிக்கிழமை."

காசு கொடுத்து மண்ணைப் பிசைந்திருக்கிறான். அதைக் கேட்டுச் சிரிக்கக்கூட எனக்கு மனசு இல்லை. காருக்குப் பொறாமைப்பட்டேன், நியாயம். வேலைக்கு, வீடியோவுக்கு, காபிக்குப் பொறாமைப்பட்டேன், அதுவும் இருக்கட்டும். இப்போது ஒரு மனிதன் சாணி மெழுகுவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. வேகமாக இழுத்தேன். வேகமாக இழுத்ததில் கீழே இருந்ததும் பெயர்ந்து வந்தது.

ஐந்தரைக்கு முடித்துப் பாறைப் பக்கம் வந்து நின்றோம். சாய்ந்த வெயில் களத்தின் மேல் விழுந்தது. அப்போது என் போன் அடித்தது. எழிலரசி, வீடியோ கால். சுண்டுவிரலால் தொட்டு எடுத்தேன்.

"என்னங்க, அண்ணா வந்துட்டாரா? என்ன பண்றாரு? காட்டுங்க."

"ரெண்டு பேரும் களம் மெழுகினோம்" என்றேன். எனக்கே தெரியாமல் வாய் முந்திக்கொண்டது. "நீ டிசைன் பண்றவதானே. ஆளுக்குப் பாதி. எது நல்லாருக்குன்னு சொல்லு பார்க்கலாம்."

போனைக் களத்துப் பக்கம் திருப்பினேன். எழிலரசி யோசிக்கவே இல்லை.

"வலது பக்கங்க! கோடு போட்டு வெச்ச மாதிரி இருக்கே. யாரு மெழுகுனது?"

"நான்தான்" என்றேன்.

திருமால் என் பக்கத்தில்தான் நின்றான். போனுக்குள் தலையை நீட்டி, சாணிக் கையைத் தூக்கிக் காட்டினான். "ஆமாம்மா, மாதவன்தான். எனக்கே அவன்தான் சொல்லிக் குடுத்தான்."

"நெஜமாவா?" எழிலரசியின் குரல் ஏறியது. நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது. பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண்ணைக் கூப்பிட்டாள். "சோபனா! இங்க ஓடியா. எங்க வூட்டுக்காரரு களம் மெழுகியிருக்கறதப் பாரு! பாருங்கறேன்!"

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வார்த்தை வந்தது. திருமாலும் பக்கத்தில் இருந்தான். போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன், சோபனாவுக்கும் நன்றாகத் தெரியட்டும் என்று.

"அருமையா இருக்குதுக்கா" என்றாள் சோபனா. "ஆனா அந்த லெஃப்ட்டுல ஒரு அம்மா இன்னும் மெழுகிக்கிட்டு இருக்காங்களே. வேல முடியலையா?"

"முடிஞ்சிருச்சு கண்ணு" என்று சின்னம்மாள் நிமிராமலே பதில் சொன்னார். "இது அவரு மெழுகுனது. செல்போன வெச்சிருக்காரே, அவரு."

அவர் என் பாதியை வழித்தெடுத்துவிட்டு, முதலிலிருந்து மெழுகிக்கொண்டிருந்தார்.